நல்ல பேட்டை எது?

வெளியூர் அன்பர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். இரண்டு நாள் சென்னையில் தங்கப் போகிறாராம். கடற்கரையும் மிருகக்காட்சிசாலையும் முன்பே பார்த்தாயிற்றாம். "ஊர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்த நல்ல பேட்டைகளாக நாலைந்து எழுதுங்கள், காலார நடந்து பார்க்க வேண்டும்" என்று கேட்டிருந்தார். பேட்டைகளின் பெயர்களை எழுதுவது சுலபம். 'நல்ல' என்ற சொல்தான் பேனாவைப் பிடித்து நிறுத்துகிறது.

வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருள் தெரியும். "நல்ல இடம் ஸார்" என்பார் தரகர். தண்ணீர் வரும், மழைக்குத் தேங்காது, பள்ளிக்கூடம் பக்கம் என்று அடுக்குவார். எல்லாம் நியாயமான விஷயங்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சுற்றுவட்டாரத்தில் எல்லாம் நல்ல ஜனங்கள்" என்று ஒன்று சொல்வார் பாருங்கள், அங்கேதான் சங்கதி இருக்கிறது. அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. யார் இல்லை என்று சொல்கிறார். அதற்காகத்தான் வாடகையில் இரண்டாயிரம் கூடுதல். 'சைவம் மட்டும்' என்று வாசலில் தொங்கும் பலகையும் இதே பாஷைதான்; என்ன, அது கொஞ்சம் உரக்கப் பேசுகிறது.

கதை எழுதுகிறவனுக்கு இந்த விஷயத்தில் தனிக் கவலை உண்டு. ஒரு பாத்திரத்தைப் படைப்பதற்கு முன்னால் அவன் எந்தத் தெருவில் குடியிருக்கிறான் என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். தெரு சரியாக அமைந்துவிட்டால் பாதிக் கதை தானாகவே நடக்கும். பால்காரர் வருவார், எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையில் இருப்பாள், சமையற்கார அம்மாள் கேட்கக் கூடாததைக் கேட்டுக்கொண்டு போய் அடுத்த தெருவில் சொல்வாள். இப்போதோ பெரிய மதிலும் காவற்காரரும் உள்ள குடியிருப்பில் என் கதாநாயகியைக் குடிவைத்தால், யாரேனும் பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டு லிப்டில் ஏறி வந்தாலொழியக் கதை நகர மாட்டேன் என்கிறது. சமையற்கார அம்மாளுக்கோ ஒட்டுக் கேட்க நேரமில்லை. ஐந்தே முக்கால் பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர ஒன்பது மணி ஆகிவிடும்.

ஆகவே என் அளவுகோல் இது: ஒரு பேட்டைக்குக் காலையில் எத்தனை விதமான மனிதர்கள் வருகிறார்கள் என்று பார்க்காதீர்கள். எத்தனை விதமான மனிதர்கள் இரவில் அங்கேயே, நடந்து போகிற தூரத்தில், தங்கள் வீட்டுக் கதவைத் தாளிட்டுக்கொண்டு படுக்கிறார்கள் என்று பாருங்கள். இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு அன்பர் புறப்படட்டும்.

பாரிமுனையில் தொடங்கலாம். கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி ஒரு காலத்தில் பெரிய பேட்டை ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர்கள் அதைக் கறுப்பர் பட்டணம் என்றார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சுக்காரர்களுடன் நடந்த சண்டைகளை ஒட்டி அந்தப் பேட்டையை இடித்து வெட்டவெளி ஆக்கிவிட்டார்கள். பீரங்கிக்குக் குறுக்கே வீடு இருக்கலாகாதாம்! 1773-ல் எல்லைக் கற்களை நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனைக் கட்டிடத்தில் இன்னும் இருக்கிறது. வெட்டவெளியான நிலத்தில் பிற்பாடு எழுந்ததுதான் 1892-ல் கட்டி முடித்த உயர்நீதிமன்றம். ஜனங்களைக் காலி செய்வது இந்த ஊருக்குப் புதிய வழக்கம் அல்ல என்பதை அந்தக் கல்லருகில் நின்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் உள்ளே நுழைந்தால் பவழக்காரத் தெரு. பவழ வியாபாரம் செய்த யூதர்கள் ஒரு காலத்தில் இருந்த இடம். அருகிலேயே அர்மீனியர் தெரு. 1772-ல் கட்டிய அவர்கள் கோயில் இன்றும் அமைதியாக நிற்கிறது. நம் ஜனங்கள் அர்மீனியனை 'அரண்மனைக்காரன்' ஆக்கி, அரண்மனைக்காரன் தெரு என்றே வழங்கிவிட்டார்கள். வந்தவனை இதைவிட அழகாக யார் வரவேற்க முடியும்? தங்கசாலைத் தெருவில் குஜராத்தியும் மார்வாரியும் தெலுங்கும் தமிழும் ஒரே கடையில் பேரம் பேசுகின்றன. கந்தகோட்டத்து முருகனைப் பாடிய வள்ளலார் வாழ்ந்ததும் இந்த ஏழுகிணற்றுப் பக்கம்தான்.

பழைய பேட்டை என்றாலே பொற்காலம் என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். இதே தெருக்களில் 1707-ல் வலங்கை, இடங்கை என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். யார் வீட்டுக் கல்யாண ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம் என்று மூண்ட சண்டை அது. கடைசியில் தெருக்களையே பங்கு பிரிக்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டு கட்சிக்கும் வெளியே, எந்தப் பங்கிலும் சேராமல் ஊர்ப்புறத்தில் ஒதுக்கப்பட்டிருந்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பக்கத்தில் வாழ்ந்தார்கள் என்பதனாலேயே சமமாக வாழ்ந்தார்கள் என்று ஆகிவிடாது. நம் தாத்தாக்களின் தெருவைப் பற்றிப் பெருமூச்சு விடுகிறவர்கள், அந்தத் தெருவில் செருப்போடு நடக்க யாருக்கு அனுமதி இருந்தது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும், எனக்குப் பிடித்த பேட்டை திருவல்லிக்கேணிதான். பல்லவர் காலத்துப் பார்த்தசாரதி கோயில் இருக்கிறது. பாரதியார் கடைசி நாட்களைக் கழித்து 1921 செப்டம்பரில் கண் மூடிய வீடு துளசிங்கப்பெருமாள் கோயில் தெருவில் இருக்கிறது. கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும் முன் குடித்தனம் செய்ததும் இங்கேதான். ஆனால் நான் சொல்ல வந்த பெருமை வேறு. சிபாரிசும் சம்பந்தமும் இல்லாத மனிதனுக்கு இந்தப் பேட்டை இடம் கொடுக்கிறது. 'மேன்ஷன்' என்ற பெரிய பெயரில் இங்கே இருக்கும் விடுதிகளைப் போய்ப் பாருங்கள். ஒரு கட்டில், சட்டை மாட்ட ஓர் ஆணி, ஜன்னல் இருந்தால் அதிர்ஷ்டம். வேலை தேடி வந்த பையன், பரீட்சைக்குப் படிப்பவன், சினிமாவில் சேர வந்தவன், ஓய்வு பெற்றும் ஊர் திரும்ப மனமில்லாத கிழவர் எல்லாரும் ஒரே குழாயடியில் பல் துலக்குகிறார்கள். கல்யாணமாகாதவனுக்கு வீடு கிடையாது என்று மற்ற பேட்டைகள் கதவைச் சாத்தும்போது திருவல்லிக்கேணி, "முன்பணம் எவ்வளவு வைத்திருக்கிறாய்?" என்று மட்டும் கேட்கிறது.

பக்கத்திலேயே 1795-ல் கட்டிய வாலாஜா பள்ளிவாசல். ரமலான் மாதத்தில் அஸ்தமன வேளைக்கு அங்கே போகலாம். நோன்பு திறக்கிறவர்களுக்கு உணவு பரிமாறுகிற தொண்டர்கள், மயிலாப்பூர்ப் பக்கமிருந்து வரும் சிந்தி இந்துக்கள். பல வருஷங்களாக இப்படி நடந்து வருகிறது. யாரும் மேடை போட்டுப் பேசுவதில்லை. நேரத்துக்குக் கஞ்சி வந்து சேர்கிறதா என்பதுதான் அவர்கள் கவலை.

மயிலாப்பூரைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். குளம், கபாலீசுவரர் கோயில், பங்குனியில் அறுபத்துமூவர், நவராத்திரிக்கு முன் வடக்கு மாட வீதியில் பரப்பியிருக்கும் பொம்மைகள் எல்லாமே பார்க்கத் தக்கவைதாம். ஆனால் நான் அன்பரை அழைத்துப் போவது தண்ணித்துறை மார்க்கெட்டுக்கு. காய்கறிக் கூடைக்காரி, சங்கீத வித்வான், வக்கீல், வாழைப்பட்டை உரிக்கும் பையன் எல்லாரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கோயிலுக்குக் கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் நொச்சிக்குப்பம்; மீனவர் வீடுகள், பின்னால் கடல். எல்லாம் காலால் அளக்கக்கூடிய தூரம். குளத்தைச் சுற்றிய பழைய வீடுகள் அடுக்குமாடிகளாக மாற மாற, பூக்கட்டுகிறவர்களும் புரோகிதர்களும் வாடகை கட்ட முடியாமல் நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். பெயரை மயிலாப்பூரில் விட்டுவிட்டு மனிதர்கள் மேற்கே போகிறார்கள்.

தியாகராய நகர் வேறு மாதிரி. மாம்பலம் ஏரியின் நிலத்தில் 1920-களில் எழுந்த பேட்டை அது. இப்போதெல்லாம் பேட்டையை 'ஏரியா' என்கிறார்கள் அல்லவா? ஏரியாக இருந்ததெல்லாம் ஏரியா ஆகிவிட்ட ஊருக்குப் பொருத்தமான சொல்தான். மழைக்காலத்தில் தண்ணீர் தன் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறது. ரங்கநாதன் தெருவில் என் அளவுகோல் கொஞ்சம் திண்டாடும். கடைகளில் வேலை செய்யும் தெற்குச் சீமைப் பையன்களும் பெண்களும் இரவில் அந்தப் பக்கத்திலேயேதான் தங்குகிறார்கள். ஓர் அறையில் பத்துப் பேர், இருபது பேர். அவர்கள் அங்கே படுக்கிறார்கள், குடியிருக்கவில்லை. தாளிட்டுக்கொள்ளத் தங்களுக்கென்று ஒரு கதவு வேண்டும் என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

வடக்கே பெரம்பூரும் புளியந்தோப்பும் வழிகாட்டிப் புத்தகங்களில் இடம் பெறுவதில்லை. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் சங்கொலிக்கு எழுந்து, நடந்தே வேலைக்குப் போன ஜனங்களின் பேட்டைகள் அவை. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த ஆலைத் தொழிலாளர்களுக்காகத்தான். ஆலை 1996-ல் மூடிவிட்டது, ஜனங்கள் இருக்கிறார்கள். மாலையில் வியாசர்பாடி மைதானத்தில் பையன்கள் கால்பந்து ஆடுவதைப் பார்த்துவிட்டு வரலாம்.

கடைசியாக, அன்பர் கேட்காத ஒரு பேட்டை. பழைய மகாபலிபுரம் சாலையில் துரைப்பாக்கத்துக்கு உள்ளே போனால் கண்ணகி நகர். 2000-ஆம் ஆண்டை ஒட்டி ஏற்பட்டது. நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்தும் வாய்க்கால் ஓரங்களிலிருந்தும், 2004 சுனாமிக்குப் பின் கடற்கரையிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவந்த குடும்பங்கள், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். இன்னும் தெற்கே பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்தும் கூவக்கரையிலிருந்தும் பலரை அங்கே அனுப்பினார்கள். ஊர் விட்டு ஊர் வந்து நியாயம் கேட்டவளின் பெயரை அந்த நகருக்கு வைத்தவர்கள் யோசித்து வைத்தார்களோ, யோசிக்காமல் வைத்தார்களோ, அறியேன்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் அப்படிப் பெரும்பாக்கம் போனவர். பள்ளிக்கூடம் பாதி வருஷத்தில் இருக்கும்போது லாரி வந்துவிட்டது. பெண் அந்த வருஷம் படிப்பை விட்டது விட்டதுதான். முன்பு அவர் பத்து நிமிஷம் நடந்து வருவார். இப்போது விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறார்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு; அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. "கூவம் கரையில், ஒவ்வொரு மழைக்கும் பாத்திரம் மிதக்கிற குடிசையில் இருப்பதா நல்லது? மேலே கூரை, உள்ளே கழிப்பறை, இதெல்லாம் பெரிதில்லையா?" பெரிதுதான். அந்த அம்மாளே ஒரு நாள், "ராத்திரி மழை பெய்தால் இப்போது தூங்குகிறேன் ஐயா" என்றார். குடிசையின் அழகைப் பற்றி மாடியிலிருந்து கவிதை எழுதுகிறவர்களுடன் நான் சேர மாட்டேன். ஆனால் ஈரத் தரையா, இருபத்தைந்து கிலோமீட்டரா என்று அவரைக் கேட்க நமக்கு என்ன உரிமை? குடிசை மாற்று வாரியம் 1970-ல் ஏற்பட்ட புதிதில், குடிசை இருந்த இடத்திலேயே மூன்று மாடி நாலு மாடி எழுப்பி, அவர்களையே குடிவைத்தது. கட்டிடங்களில் குறை இருக்கலாம். ஆனால் வேலையும் பள்ளிக்கூடமும் கோயிலும் சண்டைக்காரர்களும் அவர்களுக்கு இருந்த இடத்திலேயே இருந்தன. பிற்பாடு நிலத்தின் விலை ஏறிற்று. விலை ஏறிய நிலத்தில் ஏழை குடியிருப்பது நமக்கு ஏதோ கணக்குப் பிழை மாதிரித் தோன்ற ஆரம்பித்துவிட்டது. நம் வீட்டுப் பாத்திரம் துலங்க வேண்டும், வாசல் பெருக்க வேண்டும், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இருட்டியதும் அந்தக் கைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய்விட வேண்டும். தரகர் குரலைத் தாழ்த்திச் சொல்கிற 'நல்ல இடம்' இப்படித்தான் உண்டாகிறது.

2020-ல் கண்ணகி நகர்ச் சுவர்களில் ஓவியர்கள் வந்து பெரிய பெரிய சித்திரங்கள் எழுதினார்கள். நன்றாகவே இருக்கின்றன, படம் பிடிக்க வெளியூர்க்காரர்கள் வருவதும் உண்டு. ஆனால் அன்பர் பகலில் போக வேண்டாம். மாலை ஆறரை மணிக்கு மேல் அடையாறு பக்கத்திலிருந்து அந்த வழியாகப் போகும் சாதாரண பஸ்ஸில் ஏறட்டும். 2021-லிருந்து அதில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. உட்கார இடம் கிடைக்காது. நின்றுகொண்டே தூங்கும் வித்தையை அங்கே பார்க்கலாம். ஒரு கையில் மேலே கம்பி, இன்னொரு கையில் தூக்குச்சட்டி. அதில் எந்த வீட்டுச் சாம்பாரோ இருக்கும். இறங்கும் இடத்தில் பள்ளிக்கூடச் சட்டையைக்கூட மாற்றாமல் குழந்தைகள் காத்துக்கொண்டு நிற்கும். பஸ் வளைவில் திரும்பும்போதே, எந்த ஜன்னலில் தங்கள் அம்மா என்று கண்டுபிடித்துவிடும்.