குடத்துக்குள் போகாத ஓலை

ராயல் என்ஃபீல்டு 2021-இல் தொடங்கிய காண்டினென்டல் ஜிடி கோப்பைப் பந்தயத்தில் ஓட்டுகிற எல்லோருக்கும் ஒரே வண்டிதான். 648 சிசி, இரட்டை சிலிண்டர், ஆறு கியர். கடையில் விற்கிற வண்டியையே எடை குறைத்து, சஸ்பென்ஷனை விறைப்பாக்கி, முகப்பில் காற்றை ஒதுக்கும் கூடு மாட்டித் தருகிறார்கள். டயரும் ஒரே டயர். காசுள்ளவன் நல்ல எஞ்சின் வாங்கி முந்திவிட்டான் என்ற பேச்சுக்கு இடமில்லை. இந்த யோசனை நமக்குப் புதிதும் அல்ல. இந்தப் பந்தயம் நடந்த கோவை செட்டிபாளையத் தடம் கரிவரதன் பெயரைத் தாங்கியது. 1980-களின் கடைசியில் மாருதி 800 எஞ்சினை வைத்துச் சிக்கனமான ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டியவர் அவர். வண்டியைச் சமமாக்கிவிட்டால் ஊழைக் கழித்துவிட்டு ஆள்வினையை மட்டும் எடை போடலாம் என்பது இதற்குப் பின்னாலிருக்கும் நம்பிக்கை. வள்ளுவர் இரண்டுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்து, ஒன்றை மற்றொன்றுக்கு விட்டுக்கொடுக்காமல் பேசிவிட்டுப் போனார். உரைகாரர்கள் அன்றிலிருந்து சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வழக்கைப் பந்தயத் தடம் தீர்த்துவிடுமா? தீர்க்காது என்பது என் கட்சி. ஊழைத் தடத்திலிருந்து விரட்டலாம். அது வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் எதிர்த்தரப்புக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடலாம். ஒரு பந்தயத்தில் மழை தூறும், முன்னால் போகிறவன் சறுக்குவான், சூடேறாத டயர் முதல் சுற்றிலேயே கைவிடும். அன்றைய வெற்றியில் எவ்வளவு தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பருவம் முழுக்கப் பல பந்தயங்கள் ஓட்டி, புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போகும்போது தற்செயல் நீர்த்துப்போகிறது. அந்த வண்டி எடை கூடியது. பந்தயத்துக்கென்றே பிறந்ததும் அல்ல. பிரேக்கை எந்த இடத்தில் பிடிப்பது, வளைவிலிருந்து எழும்போது ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்குவது என்று ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டுநர் முடிவெடுக்கிறார். ஒரே வண்டியில், ஒரே டயரில், பருவம் முழுக்க ஒருவர் மற்றவரைவிட நொடியில் சிறு பங்கு முந்தினால் அது அவருடைய சம்பாத்தியம். எல்லாம் முன்பே தீர்மானமானது, முயற்சி என்பது வெறும் தோற்றம் என்ற ஆசீவகக் கட்சி இங்கே நிற்காது.

அதற்காக மற்றக் கட்சி முழுதாக வென்றுவிட்டதாகவும் ஆகாது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், பொ.ஆ. 919-இலும் 921-இலும் வெட்டப்பட்டவை, ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விவரிக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். இதில் சூதுக்கு வழியில்லை. இன்றைய உலகப் பந்தயங்களில் மோட்டோ2 பிரிவிலும் ஒரே நிறுவனத்தின் எஞ்சின்களைக் குலுக்கல் முறையில்தான் அணிகளுக்குப் பிரித்துத் தருகிறார்கள். ஆயிரம் ஆண்டு கழித்தும் நேர்மைக்கு மனிதன் கண்ட வழி அதேதான். ஆனால் குடத்துக்குள் யாருடைய ஓலை போகலாம் என்பதையும் அந்தக் கல்வெட்டுகளே சொல்கின்றன. வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது வரம்பு உண்டு, வேதக் கல்வி வேண்டும். குலுக்கல் நேர்மையானது, குடம் அப்படியல்ல. நம் ஊராட்சி முறையைப் பெருமையோடு பேசும் மேடைகளில் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறோம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டை எடுத்துக்கொள்வோம். கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் கரும்புமாக வாழ்கிற ஊர். அங்கே ஒரு கரும்பு விவசாயியின் மகன் கல்வராயன் மலைச்சாலை வளைவுகளில் அபாரமாக வண்டி ஓட்டுகிறான் என்று வைத்துக்கொண்டால், அந்தத் திறமையை அளக்க அங்கே கடிகாரம் இல்லை. போலீஸ் அபராதம் மட்டும் உண்டு. தடத்துக்குப் போவதென்றால் பயிற்சிக் கட்டணம், போட்டி உரிமம், தோல் உடுப்பு, தரமான ஹெல்மெட், கோவைக்குப் போய்வரும் செலவு, எலும்பு முறிந்தால் வேலைக்குப் போக முடியாத மாதங்கள். வெட்டிய கரும்புக்கு ஆலையிலிருந்து பணம் வந்தால்தான் வீட்டுக் கடனே அடையும் என்கிற குடும்பத்தில் இவை எதுவும் நடக்காது. அவன் பந்தயத்தில் தோற்கவில்லை. அவன் ஓலை குடத்துக்குள் போகவே இல்லை. உள்ளே நிற்பவர்களுக்கிடையே வண்டி எவ்வளவு சமமாகிறதோ, அவ்வளவுக்கு வெளியே நிற்பவனைப் பற்றிய கேள்வி கண்ணிலிருந்து மறைகிறது. சமமான போட்டி என்ற பெயரே அதை மறைத்துவிடுகிறது.

தகுதித் தேர்வு எல்லோருக்கும் திறந்துதானே இருக்கிறது, எளிய வீட்டுப் பிள்ளைகளும் வந்து வென்றதில்லையா என்று கேட்கலாம். வண்டியை நிறுவனமே தருவது வாசலை உண்மையிலேயே கொஞ்சம் அகலமாக்கியிருக்கிறது. அதை மறுக்கவில்லை. ஆனால் வாசல் அகலமானது என்றால் முன்பு குறுகலாக இருந்ததை ஒப்புக்கொள்கிறோம் என்றுதானே பொருள்? இதைவிட ஆழமான மறுப்பு ஒன்று உண்டு. வசதி பிறப்பால் வந்தது என்றால் பாடுபடும் மனமும் பிறப்பாலும் வளர்ப்பாலும் வந்ததுதானே, அப்புறம் யாரைப் புகழ்வது? மணிமேகலையிலும் நீலகேசியிலும் ஆசீவகர் வந்து வாதிடுவது ஏறத்தாழ இந்த இடத்தில் நின்றுதான். இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருநறுங்கொண்டை மலையில் இன்றும் வழிபாடு நடக்கும் சமண மரபிடம் இதற்கு ஒரு பதில் உண்டு. ஒரு செயல் நிகழக் காலம், இயல்பு, நியதி, முன்வினை, முயற்சி என்று ஐந்தும் சேர வேண்டும். ஒன்றை மட்டும் காரணமாக்குவது பிழை. எனக்கு இதுவே சரியென்று படுகிறது. மற்ற நான்கும் ஏறக்குறைய ஒத்திருக்கும் இருவருக்கிடையேதான் ஐந்தாவது கண்ணுக்குத் தெரியும். ஆகவே கோப்பை வென்றவரைத் தாராளமாகப் புகழலாம், கூடவே ஓடியவர்களோடு ஒப்பிட்டு. ஓட வராதவர்களைவிட அவர் உயர்ந்தவர் என்பதற்கு அந்தக் கோப்பை சாட்சி ஆகாது.

ஐந்தில் ஒன்றைத் தனியே பிடித்துக்கொள்வதால் வரும் கேடு சாவில்தான் நன்றாகத் தெரிகிறது. வென்றால் உழைப்பு என்கிறோம், விழுந்து செத்தால் தலையெழுத்து என்கிறோம். 2021-இல் ஐரோப்பியத் தடங்களில் 14, 15, 19 வயதுகளில் மூன்று ஓட்டுநர்கள் இறந்தார்கள். தலையெழுத்து என்று விட்டிருக்கலாம். சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு அப்படி விடாமல் குறைந்தபட்ச வயதை உயர்த்தியது, 2023 முதல் உலகப் பந்தயத்தில் நுழையப் பொதுவாக 18 வயது ஆகியிருக்க வேண்டும். அதே 2023 ஆகஸ்டில் நம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில், தேசியப் பந்தயத்தில், பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். ஆபத்தை அறிந்துதானே வருகிறார்கள் என்ற வாதம் வளர்ந்தவர்களுக்குப் பொருந்தலாம். 13 வயதில் எதை அறிந்து ஒப்புக்கொள்வது? அந்த வயதில் அவ்வளவு வேகத்தில் பலரோடு நெருங்கி ஓட அனுமதித்தது மனிதர் எழுதிய ஒழுங்கு. குடத்துக்குள் யார் போகலாம் என்று எழுதுவதும் அதே கைதான். மூங்கில்துறைப்பட்டுப் பையனின் ஓலையை வெளியே நிறுத்தியதற்கும் அந்தக் கையிடம்தான் கணக்குக் கேட்க வேண்டும்.