வைத்திருப்பது யாருக்காக?



“என் பணத்தில் நான் வாங்கிய உணவு, கெட்டுப்போனால் நட்டம் எனக்குத்தானே? இதில் பாவ புண்ணியம் எங்கிருந்து வந்தது?” என்று ஒருவர் கேட்டால் நாம் என்ன விடை சொல்வோம்? விடை தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தாலே போதும்.

ஒரு காலத்தில் கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் இது துரை பங்களாவுக்குரிய பொருளாக இருந்தது. இன்று லயத்து வீடுகள் சிலவற்றிலும் நிற்கிறது. உழைத்த காசில் வாங்கியது, பெருமைப்படலாம். ஆனால் உள்ளே நடப்பதென்ன? சம்பள நாளில் வாங்கிய காய்கறி முன்னே; போன கிழமைப் பருப்புக் கறி பின்னே. முன்னே நிற்பது பின்னே இருப்பதை மறைக்கிறது. மறைந்தது மறக்கப்படுகிறது, மறக்கப்பட்டது பூஞ்சணம் பிடித்துக் குப்பைக்குப் போகிறது.

நம் பாட்டிமாரின் அஞ்சறைப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். திறந்தவுடன் கடுகு முதல் மஞ்சள் வரை ஒரே பார்வையில் தெரியும். உறியில் தொங்கும் சட்டியோ நிமிர்ந்தாலே கண்ணில் படும். இன்று கடைகளில் விற்கும் சுழல்தட்டும் உள்ளே இருப்பது தெரியும் டப்பாவும் செய்வது அதே வேலைதான். தட்டைச் சுற்றினால் பின்னே இருந்த ஊறுகாய்ப் போத்தல் முன்னே வருகிறது. அவற்றை வாங்க வசதியில்லாவிட்டால் குறைவில்லை. பொருள்களை ஒரு தட்டத்தில் அடுக்கி இழுத்தாலும் பின்வரிசை முன்னே வரும். கழுவிய மாஜரின் டப்பாவின் மேல் சமைத்த நாளை எழுதி ஒட்டினாலும் போதும். சமைத்ததை 2 மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். 3, 4 நாட்களுக்குள் உண்டு முடியுங்கள். பச்சை மீனும் இறைச்சியும் மூடிய டப்பாவில் அடித்தட்டில் இருக்கட்டும். புதியதைப் பின்னே வைத்துப் பழையதை முன்னே நகர்த்துங்கள்.

பெட்டியை நிறைத்து அடைக்கவும் வேண்டாம். கொழுந்தைச் சாக்கில் இறுக்கி அடைத்தால் காற்றின்றிச் சூடேறிச் சிவந்துபோவதை நீங்கள் அறிவீர்கள். குளிர்காற்று உலாவ இடமில்லாத பெட்டியிலும் உணவு அப்படியே கெடும். நாள் முழுவதும் மலையேறிப் பறித்த கொழுந்து வீணானால் பறித்தவரின் மனம் என்ன பாடுபடும்! நாம் வீசும் உருளைக்கிழங்கிலும் வெலிமடை விவசாயி ஒருவரின் வியர்வை இருக்கக்கூடுமன்றோ? அப்படியானால் நட்டம் எனக்கு மட்டுமே என்று எப்படிச் சொல்வது?

சேமிப்பே தவறு என்று நாம் சொல்லவில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்து, தோட்டங்களைப் பட்டினி வாட்டிய நாட்களைக் கண்ட முதியவர்கள் ஒரு பிடிச் சோற்றையும் வீச மாட்டார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிப்பது அறியாமை. ஆனால் பசியின் அச்சத்தால் பொத்தி வைப்பது வேறு. மலிவாகக் கிடைக்கிறதே என்று குவிப்பது வேறு.

வேதாகமத்தில் இருவர் தானியம் சேர்த்தார்கள். எகிப்தில் யோசேப்பு ஏழு ஆண்டுகள் சேர்த்தார். பஞ்சம் வந்தபோது களஞ்சியங்களைத் திறந்தார். நற்செய்தி கூறும் செல்வனோ, களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணினான்; அறிவிலி என்று பெயர் பெற்றான். வேறுபாடு களஞ்சியத்தில் இல்லை; யாருக்காகச் சேர்த்தார்கள் என்பதில்தான் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் செசாரியா ஆயர் புனித பசிலியார் இந்தச் செல்வனைப் பற்றிப் பிரசங்கித்தபோது, நாம் பூட்டி வைக்கும் அப்பம் பசித்தவனுக்கு உரியது என்றே போதித்தார். உணவை வீசுவது ஏழையின் மேசையிலிருந்து திருடுவதற்கு ஒப்பாகும் என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2013 ஜூன் 5ஆம் நாள் கூறினார். ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் திட்ட அமைப்பின் கணக்குப்படி, 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி தொன். அதில் நூற்றுக்கு 60 பங்கு வீடுகளில் வீணானது. ஆகவே இது பெரிய ஹோட்டல்களின் குற்றம் மட்டுமன்று.

2022 மார்ச் இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. கதவைத் திறக்காமலிருந்தாலும் குளிர்சாதனப் பெட்டி ஏறக்குறைய 4 மணி நேரமே குளிரைக் காக்கும். பூட்டி வைத்தது அழுகும். அடுத்த காம்பராவுக்குக் கொடுத்தது பசியாற்றும். 2014 அக்டோபர் 29ஆம் நாள் மீரியபெத்தை லயங்களை மண்சரிவு மூடியபோது, உயிர் தப்பியவர்களின் பசியை ஆற்றியதும் பிறர் கொடுத்த உணவே.

ஆகவே, ஒழுங்கு என்பது அலமாரியின் அழகுக்காக மட்டும் அன்று. வேண்டாத பொருள்களை அழகான டப்பாக்களில் அடுக்கினால் அது ஒழுங்கான பேராசையே. உள்ளதைக் கண்ணால் கண்டால்தான் “போதும்” என்ற சொல் வாயில் வரும். மிஞ்சுவது எது என்பதும் காலத்தோடு தெரியும். நன்றாக இருக்கும்போது கொடுத்தால் அது ஈகை. புளித்தபின் கொடுத்தால், வாங்குபவருக்கு அது அவமதிப்பு.

இந்தச் சனிக்கிழமை, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உங்கள் பெட்டியின் பின்வரிசையை முன்னே கொண்டுவாருங்கள். வீட்டுக்கு வேண்டியதை எடுத்து வையுங்கள். மிஞ்சும் நல்லதை அன்றைக்கே, சூடாக்கி, மரியாதையோடு, தேவைப்படும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.