தாய்க்குள் மகன், மகனுக்குள் தாய்

2004ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் சில மாத இடைவெளியில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன.

ஒன்று ஸ்வீடனில் நடந்த சிகிச்சை பற்றியது. ரத்தப் புற்றுநோய் கண்ட ஒன்பது வயதுச் சிறுவனுக்கு வேறொருவரின் ஸ்டெம் செல்களை ஏற்றியிருந்தார்கள். உள்ளே வந்த அணுக்கள் அவன் குடலையும் கல்லீரலையும் அந்நியமென்று கருதித் தாக்கின, மருந்துக்கு அடங்கவில்லை. கேத்தரினா லெ பிளாங்க் குழுவினர் அவன் தாயின் எலும்பு மஜ்ஜையிலிருந்து மெசன்கைமல் ஸ்டெம் செல்களை எடுத்துப் பெருக்கி, அவன் ரத்தத்தில் செலுத்தினார்கள். தாக்குதல் தணிந்தது. எலும்பாகவும் கொழுப்பாகவும் குருத்தெலும்பாகவும் மாறவல்ல இந்த அணுக்கள், நோய் எதிர்ப்பு அணுக்களின் வேகத்தைக் குறைக்கும் திறனும் கொண்டவை.

மற்றது லண்டன் ஆய்வு. ஆண் குழந்தை பெற்ற பெண்களின் எலும்பு மஜ்ஜையில், பிரசவமாகிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும், ஒய் குரோமோசோம் கொண்ட மெசன்கைமல் ஸ்டெம் செல்கள் இருந்தன. கருவின் முதல் மூன்று மாதங்களில் இவை அதன் ரத்தத்தில் சுற்றி வருகின்றன. அவற்றில் சில நஞ்சுக்கொடியைத் தாண்டித் தாயிடம் போய்த் தங்கிவிடுகின்றன.

அப்படியானால் ஸ்வீடனில் தாய் கொடுத்த அணுக்களிலேயே மகனுடையவை சில கலந்திருக்கலாமோ? யாரும் அதைச் சோதித்ததாகத் தெரியவில்லை. ஆனால் கேட்கக்கூடிய கேள்விதான். கேட்டுவிட்டால், 'என் உடம்பு' என்ற சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது குழம்பிவிடுகிறது.

தடுப்பாற்றலியல் இந்தக் குழப்பத்தை வெகுகாலம் ஒதுக்கியே வைத்திருந்தது. தன்னுடையது எது, பிறருடையது எது என்று பிரித்தறிவதே உடலின் காவல் என்றார் தடுப்பாற்றல் ஆய்வாளர் மாக்ஃபர்லேன் பர்னெட். அவரோடு 1960இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பீட்டர் மெடவர் 1953இலேயே ஒரு முரணைச் சுட்டியிருந்தார்: பாதி அந்நியமான கருவைத் தாயுடல் ஏன் விரட்டுவதில்லை? 1996இல் டயானா பியாங்கி குழு அந்த முரணை இன்னும் கூர்மையாக்கியது. மகனைப் பெற்று 27 ஆண்டுகளான ஒரு பெண்ணின் ரத்தத்தில் அவன் அணுக்கள் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன.

சைவ சித்தாந்தி இதைக் கேட்டுப் பதறமாட்டார். தனு (உடல்), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) நான்கும் மாயையிலிருந்து இறைவன் உயிருக்குத் தருபவை. வாடகை வீட்டில் வேறொருவர் பெட்டி கிடந்தால் குடியிருப்பவர் யார் என்பது மாறிவிடாது. பௌத்தர் இன்னும் நிம்மதியாக இருப்பார். மிலிந்த மன்னனிடம் தேரைக் காட்டி, சக்கரமா, அச்சா, நுகமா தேர் என்று கேட்ட பௌத்தத் துறவி நாகசேனருக்கு, பிறர் அணு கலந்த உடம்பு புதிராகவே இராது. தொகுப்புக்கு உரிமையாளர் என்று ஒருவர் இல்லை.

இதை வைத்து 'நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்' என்று முழங்குவது வீண். அவர்கள் பேசியது விடுதலையைப் பற்றி, உயிரணுவைப் பற்றியல்ல. உண்மையில் இடறுவது இன்னொரு கொள்கை: ஒவ்வொரு மனிதனும் தன் உடலுக்கு உடைமையாளன் என்று தத்துவவாதி ஜான் லாக் வகுத்த நவீன நம்பிக்கை. அதுவும் நீதிமன்றத்தில் ஒருமுறை தடுக்கியிருக்கிறது. ஜான் மூர் என்ற நோயாளியின் மண்ணீரல் அணுக்களிலிருந்து உருவாக்கிய அணுவரிசைக்கு மருத்துவர் தரப்பு காப்புரிமை பெற்றது. உடலை விட்டு நீங்கிய அணுக்களில் மூருக்குச் சொத்துரிமை இல்லை என்று 1990இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் நோக்கத்தை மறைத்ததற்காக மருத்துவர்மீது வழக்காடலாம் என்றது.

2024 டிசம்பரில் அமெரிக்கா முதன்முறையாக ஒரு மெசன்கைமல் அணுச் சிகிச்சைக்கு அனுமதி தந்தது. கொடையாளர்களின் மஜ்ஜையிலிருந்து தயாராகும் அந்த மருந்து, ஏற்றிய அணுக்கள் ஸ்வீடன் சிறுவனின் உடலைத் தாக்கியதுபோல் தாக்கப்படும் குழந்தைகளுக்கானது. கொடையாளர் ஒரு தாயாக இருந்தால், அவர் கொடுப்பதில் பிள்ளையின் பங்கும் இருக்கக்கூடும். சித்தாந்தியும் பௌத்தரும் உரிமை கேட்கப்போவதில்லை. காப்புரிமைச் சட்டம் மட்டும் ஒரு பெயரைக் கேட்கும்.