சலாலும் ஒலுவிலும்

2022இல் இலங்கையில் பெற்றோல் வரிசையில் இரவுகளைக் கழித்தவர்களுக்கு மின்சாரக் காரின் அருமையை விளக்கத் தேவையில்லை. புகையும் இல்லை, வரிசையும் இல்லை. ஆனால் அதன் பற்றரிக்கான லித்தியம் யாரோ ஒருவருடைய ஊரின் அடியிலிருந்துதான் வரவேண்டும்.

அப்படியோர் ஊர் சலால். ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில், சலால்–ஹைமானா பகுதியில் 59 இலட்சம் தொன் லித்தியக் கனிமம் இருக்கக்கூடும் என்று 2023 பெப்ரவரியில் இந்திய அரசு அறிவித்தது. ஆரம்பநிலை மதிப்பீடுதான். ஏலத்தில் போதிய போட்டியாளர்கள் வராததால் 2024இல் அது இரத்தானது. சுரங்கம் இன்னும் தோண்டப்படவில்லை. நியாயம் பேச உகந்த நேரம் இதுவே. தோண்டிய பிறகு நட்டஈடு மட்டுந்தான் பேசலாம்.

உலகம் சூடேறுவதைத் தணிக்க ஒரு கிராமத்தின் நிலத்தைப் பலியிடலாமா? உஸ்மானியர் தொகுத்த மஜல்லா என்ற இஸ்லாமியச் சட்டக்கோவையில் இதற்கு இரண்டு விதிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரு தீங்கை அதையொத்த தீங்கால் நீக்கக்கூடாது என்கிறது 25ஆவது. பொதுத் தீங்கைத் தடுக்கத் தனிப்பட்ட தீங்கைப் பொறுக்கலாம் என்கிறது 26ஆவது. சுரங்கக்காரர் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்வார். ஆனால் அதற்கு மஜல்லாவே காட்டும் உதாரணத்தைக் கவனிக்க வேண்டும்: அரைகுறை வைத்தியரைத் தொழில் செய்யவிடாமல் தடுப்பது. அங்கே இழப்பைச் சுமப்பவர் ஆபத்துக்குக் காரணமானவர். சலாலின் விவசாயி எந்த வானத்தைச் சூடாக்கினார்?

பொதுநன்மை என்ற பேரில் வந்தவை என்ன செய்யும் என்பதை இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாலமுனைக்காரர் வெகுதூரம் போய்ப் படிக்க வேண்டியதில்லை. டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகம் அடுத்த ஊரில் இருக்கிறது. வடக்கே நகரும் மணலை அலைதடுப்புச் சுவர்கள் மறித்தன. துறைமுக வாயில் மணலால் அடைபட்டது. வடக்குப் பக்கம் ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்தது. பிறகு நடந்ததுதான் கொடுமை. படகு போக வாயிலைத் தோண்டச் சொன்னார்கள் மீனவர்கள். தோண்டினால் கரை இன்னும் போகும் என்று மறித்தார்கள் ஒலுவில்வாசிகள். இரு தரப்பும் நியாயமானவர்களே. திட்டம் போட்டவர்கள் அந்தச் சண்டையில் இல்லை.

அதற்காக எந்தச் சுரங்கமும் கூடாது என்பதும் நேர்மையாகாது. பெற்றோலும் நைஜர் கழிமுகத்தின் நீரையும் வயலையும் கெடுத்துத்தான் வந்தது. நம் கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் உறுத்தவில்லை, அவ்வளவுதான். நம் ஊரில் வேண்டாம், சிலியின் அட்டகாமா உப்பு நிலத்தில் லித்தியம் எடுத்தால் பரவாயில்லை என்பவர் தீங்கை இடம் மாற்றுகிறார், குறைக்கவில்லை.

ஆகவே அனுமதிப்பத்திரத்துக்கு முன்னரே ஊரைக் கேட்பதும், ஊர் மறுத்தால் அந்த மறுப்பு செல்லுபடியாவதும் சலுகையல்ல, உரிமை. மறுக்க முடியாதவரிடம் வாங்கும் சம்மதத்துக்கு என்ன பெறுமதி?

சலால் மறுத்தால் உலகுக்கு லித்தியம் போதாதே என்பார்கள். போதாமை எந்தத் தேவைக்கு என்று கேட்கலாம். ஒரு காரின் 60 கிலோவாட் மணிப் பற்றரிக்குப் போகும் லித்தியத்தில், 3 கிலோவாட் மணி போதுமான ஸ்கூட்டர்கள் இருபதை ஓட்டலாம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குத் தனியாகப் போகும் ஒருவருக்கு ஸ்கூட்டரே தாராளம், பஸ்ஸும் ஓடுகிறது.