சான்றிதழும் மனச்சான்றும்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2024 ஜூன் 9 அன்று நடத்திய நான்காம் தொகுதித் தேர்வுக்கு இருபது லட்சத்திற்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்திருந்தனர். முதலில் அறிவிக்கப்பட்ட பணியிடங்கள் 6,244. எண்களைப் பார்த்து மலைத்துப் போகிறோம்; மலைப்பு அடங்கியதும் நம் வீட்டுப் பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பது நினைவுக்கு வருகிறது. தாம்பரத்திலும் அதைச் சுற்றியுள்ள குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், பெருங்களத்தூர் பகுதிகளிலும் வாழும் நமக்கு இந்த ஆசை புதியதன்று. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே இது எழுத்தர்களின் ஊர். ரயில்வே, விமானப்படைத் தளம், சானடோரியம் என்று ஏதோ ஓர் அரசு ஊதியத்தை நம்பி இங்கே குடியேறிய குடும்பங்களே நம் பங்குகளில் நிறைந்திருக்கின்றன. மாதம் பிறந்தால் சம்பளம், முதுமையில் ஓய்வூதியம், தெருவில் ஒரு மதிப்பு: இவற்றை விரும்புவது பேராசை என்று நாம் கருதவில்லை. குறிப்பாக, தலைமுறை தலைமுறையாகப் பிறர் முன் கைகட்டி நின்ற குடும்பத்திலிருந்து ஒருவன் மேசைக்கு அந்தப் பக்கம் போய் அமர்வது ஊதியத்தைவிடப் பெரிய பொருள் உடையது.

அந்த மேசைக்குச் செல்லும் வழியில் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அதில் மதம் என்று ஒரு கட்டமும் சாதி என்று ஒரு கட்டமும் இருக்கின்றன. இறுதியில், மேலே கூறியவை யாவும் உண்மை என்னும் உறுதிமொழி. நம்மில் பலர் இக்கட்டங்களை ஒரு நொடியில் நிரப்பிவிட்டு அடுத்த பக்கம் செல்கிறோம். ஆனால் ஆதிதிராவிடக் குடும்பத்தில் பிறந்து திருமுழுக்குப் பெற்ற ஓர் இளைஞனுக்கோ இளம்பெண்ணுக்கோ அந்த இடத்தில் விரல் நின்றுவிடுகிறது. நாம் இங்கே எண்ணிப் பார்க்க விரும்புவது அந்தத் தயக்கத்தைத்தான்.

சட்டம் கூறுவது இது. 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதியினர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தைத் தவிர வேறு சமயத்தைச் சார்ந்தவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் வெளியே நிற்கின்றனர். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவம் தழுவியோரும் அவர்தம் வழிவந்தோரும் பிற்படுத்தப்பட்டோர் வகுப்பில் வைக்கப்பட்டிருக்கின்றனர். பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. பிற்படுத்தப்பட்டோருக்கு, இஸ்லாமியருக்கான 3.5 விழுக்காடு நீங்கலாக, 26.5 விழுக்காடு. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர், கிறிஸ்தவனுக்குத்தானே பெரிய கூடை கிடைத்திருக்கிறது என்பார். அந்தக் கூடைக்குள் கை நீட்டுவோர் யார் யார் என்பதையும் பார்க்க வேண்டும். நிலமும் கடையும் இரண்டு மூன்று தலைமுறைக் கல்வியும் உடைய சமூகங்களோடு, துப்புரவுப் பணியாளரின் மகன் போட்டியிட வேண்டியிருக்கிறது. தேர்வுக் கட்டணத்திலும் இந்த வேறுபாடு தெரியும்: பட்டியல் சாதியினருக்கு முழு விலக்கு, பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று முறை மட்டுமே.

ஒரே தெருவில், ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரு வீடுகளில் அண்ணன் பிள்ளையும் தம்பி பிள்ளையும் வாழ்கின்றனர். அண்ணன் திருமுழுக்குப் பெற்றார், தம்பி பெறவில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் இருவருக்கும் ஒரே பதில்தான் கிடைக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் மட்டும் இருவரும் வெவ்வேறு மனிதராகிவிடுகின்றனர். ஆகவே அண்ணன் பிள்ளையின் காதில் பலர் ஓதுகின்றனர்: "மதம் என்ற இடத்தில் இந்து என்று போடு. உன் பெயரிலும் ஒன்றும் தெரியவில்லை. ஆலயத்துக்குப் போவதை யார் தடுக்கிறார்கள்?" ஓதுவோர் பெரும்பாலும் அன்புடையோரே, சிலவேளை பெற்ற தாயே.

அவன் என்ன செய்ய வேண்டும்? பொய் பாவம் என்ற ஒரு சொல்லோடு இதை முடித்துவிடுவது எளிது. அவ்வளவு எளிதாக முடிக்க நமக்கு உரிமை உண்டா என்பதில்தான் நமக்கு ஐயம்.

திருச்சபையின் வரலாற்றில் ஒரு சான்றிதழ் இதற்கு முன்பும் கிறிஸ்தவர்களைப் பிளந்திருக்கிறது. கி.பி. 250இல் உரோமைப் பேரரசன் தேசியுஸ், குடிகள் யாவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்கு அதிகாரிகளிடம் எழுத்துச் சான்று பெற வேண்டும் என்று ஆணையிட்டான். எகிப்தின் மணலில் அச்சான்றுகள் நாற்பதுக்கும் மேல் கிடைத்துள்ளன. பலியிட்டவரின் பெயர், ஊர், சாட்சியின் ஒப்பம் எல்லாம் அவற்றில் உண்டு. பலியிட மனமில்லாத கிறிஸ்தவர் பலர் பணம் கொடுத்துச் சான்றை மட்டும் வாங்கிக்கொண்டனர். கை தூபமிடவில்லை, தாள் மட்டும் பொய் சொன்னது. கலவரம் ஓய்ந்தபின் இவர்களை என்ன செய்வது என்ற வினா எழுந்தது. கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் அச்செயலைக் குற்றமற்றது என்று கூறவில்லை. ஆயினும் பலியிட்டவரையும் சான்று வாங்கியவரையும் அவர் ஒரே தட்டில் வைக்கவுமில்லை. 251இல் அங்குக் கூடிய ஆயர் மன்றம், சான்று வாங்கியோரின் நிலையைத் தனித்தனியே ஆராய்ந்து மீண்டும் ஏற்றுக்கொள்ள முடிவு செய்தது. கலாபனையின்போது சிப்பிரியானே மறைந்து வாழ்ந்தவர், அதற்காக ஏச்சும் கேட்டவர் என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்வது தகும். அச்சம் எப்படிப்பட்டது என்பதை அவர் அறிந்திருந்தார். பின்னர் 258இல் அவர் மறைசாட்சியாக உயிர் நீத்தார்.

ஒப்புமை முழுமையானதன்று. தேசியுஸ் உயிரைப் பறிப்பதாக அச்சுறுத்தினான். நம் அரசோ ஒரு நன்மையை நீட்டி, அதற்கு விலையாக ஒரு சொல்லைக் கேட்கிறது. அச்சுறுத்தலுக்குப் பணிந்தவனைவிட ஆசைக்குப் பணிந்தவன் குறைந்த இரக்கத்துக்கே உரியவன் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் பசித்தவனிடம் நீட்டப்படும் சோறு வெறும் ஆசைப்பொருளா? இதை நிறைந்த வயிற்றோடு முடிவு செய்ய இயலாது.

நம் அறநூலார் இவ்வினாவில் உறுதியாகவே நின்றனர். தம்மைப் பிரிசில்லியானியர் என்று நடித்து அப்பிரிவினரைக் கண்டுபிடிக்கலாமா என்று கேட்கப்பட்டபோது, நன்மை கருதியும் தன் நம்பிக்கையைப் பொய்யாக உரைக்கலாகாது என்று புனித அகுஸ்தீன் மறுத்தார். புனித தோமா அக்குவினாஸ் எல்லாப் பொய்யையும் குற்றமென்றே கொண்டாலும், பிறருக்குக் கேடு செய்யும் பொய்யையும் ஒருவருக்கு உதவும் பொய்யையும் வேறுபடுத்தி, பின்னதன் கனம் குறைவு என்றார். உண்மையை அறிவோடு மறைத்துக்கொள்வதற்கும் அவர் இடமளித்தார். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்ம்மைக்கும் வாய்மையின் இடத்தைத் தந்த வள்ளுவரோ இன்னும் ஒரு படி இரக்கம் மிக்கவராகத் தோன்றுகிறார். இவ்விடத்தில் பலர் அவரைத் துணைக்கு அழைக்கின்றனர். ஆனால் அவர் வைத்த நிபந்தனை கடுமையானது. நன்மை குற்றம் தீர்ந்ததாக இருக்க வேண்டும்.

இந்தச் சான்றிதழால் விளையும் நன்மை குற்றம் தீர்ந்ததா? 18 விழுக்காடு என்பது ஓர் எல்லையுடைய பாத்திரம். அதிலிருந்து ஓர் இடத்தை அண்ணன் பிள்ளை எடுத்தால், இழப்பவர் உயர்சாதிக்காரர் அல்லர். தம்பி பிள்ளையோ அவனைப் போன்ற இன்னொருவனோதான். இருவரும் ஒரே காயத்தைச் சுமப்பவர்கள் என்பது உண்மை. ஆயினும் சட்டத்தின் கணக்கில் சேர்க்கப்படாதவன் உள்ளே வரும்போது, கணக்கில் இருப்பவனின் பங்கு குறைகிறது. கிறிஸ்தவ தலித்துகளைச் சேர்க்க வேண்டும் என்று கேட்கும் நாம், அதற்கேற்ப ஒதுக்கீட்டின் அளவும் உயர வேண்டும் என்று சேர்த்துக் கேட்பதே நேர்மை. நம் கூட்டங்களில் இவ்விரண்டாம் பாதி மெல்லிய குரலில்தான் ஒலிக்கிறது.

இன்னொரு வாதமும் உண்டு. இந்து என்பது சட்டத்தில் ஒரு பரந்த சொல். பிறப்பையும் பண்பாட்டையும் குறித்து அதைச் சொல்லிக்கொள்ளலாமே என்பர். கேட்பவர் ஒன்றைப் பொருள்கொள்ள, சொல்பவர் மனத்துக்குள் வேறொன்றை நினைத்துக்கொள்ளும் இத்தகைய உத்தியைத் திருத்தந்தை பதினோராம் இன்னசென்ட் 1679இலேயே கண்டித்துவிட்டார். ஆதிதிராவிடன் என்பது அவனைப் பற்றிய உண்மை. அதை மறைக்கச் சொல்வதற்கு எவருக்கும் உரிமையில்லை. இந்து என்பது அவன் தன் கடவுளைப் பற்றிக் கூறும் செய்தி. அது உண்மையன்று.

எனவே, அந்தக் கட்டத்தில் கிறிஸ்தவன் என்று எழுதுவதே சரி என்பது நம் முடிவு. ஆனால் வேறுவிதமாக எழுதியவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் தகுதி நமக்கு இல்லை. அதற்குக் காரணம் 1985இன் ஒரு தீர்ப்பில் இருக்கிறது. சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்பவர், தம்மைப் போன்ற தொழிலாளருக்கு இலவசமாகத் தரப்பட்ட சிறு கடை தமக்கு மட்டும் கிறிஸ்தவர் என்பதால் மறுக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் சென்றார். தோல் அதே தோல். ஊசியும் அதே ஊசி. மதம் மாறியபின்னும் புதிய சமூகத்துக்குள் அதே கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று முன்வைக்கப்படவில்லை என்று கூறி நீதிமன்றம் மறுத்துவிட்டது. சான்று இல்லையா? தனிக் கல்லறைகளும் ஆலயத்துக்குள் தனி வரிசைகளும் நம் மறைமாவட்டங்களில் யாரும் அறியாத செய்திகளா? 2008இல் எறையூரில் தனிப்பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவருக்கும் பிற கிறிஸ்தவருக்கும் மோதல் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறக்கும் வரை போயிற்று. தலித் மக்கள் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில்தான் வெளியிட்டது. சபைக்குள் சாதிப் பாகுபாடு உண்டு என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது. கிறிஸ்துவில் சாதியில்லை என்று உலகுக்கு அறிவித்துவிட்டு, வீட்டுத் திருமணப் பேச்சில் சாதி கேட்கும் நாம், விண்ணப்பத்தில் ஒரு சொல்லை மாற்றிய ஏழையை எந்த முகத்தோடு கடிந்துகொள்வது?

அண்மைக்கால வழக்கு ஒன்று இன்னும் நெருடுகிறது. புதுச்சேரி அரசில் மேல்நிலை எழுத்தர் பணிக்கு விண்ணப்பித்த ஒரு பெண், பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரி உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 2024 நவம்பர் 26 அன்று, அரசமைப்பு நாளில், அவர் கோரிக்கை தள்ளுபடியாயிற்று. உண்மையான நம்பிக்கையின்றி ஒதுக்கீட்டுக்காக மட்டும் வேறு மதத்தை உரிமை கொண்டாடுவது அரசமைப்பின் மீதான மோசடி என்று நீதிபதிகள் கூறினர். எவை அவருக்கு எதிரான சான்றுகளாயின என்பதைப் பாருங்கள். குழந்தைப் பருவத்தில் பெற்ற திருமுழுக்கின் பதிவு. ஆலயத்துக்குத் தவறாமல் சென்று வழிபடுகிறார் என்னும் விசாரணை முடிவு. எந்தத் தாயும் பெருமையோடு சொல்லக்கூடிய இரண்டு செய்திகள், ஒரு மகளின் வேலைக்குத் தடையாக எழுதப்பட்டுவிட்டன. தீர்ப்பு சட்டப்படி தவறென்று நாம் வாதிடவில்லை. ஞாயிறு திருப்பலியை ஒருத்தியின் இழப்புக் கணக்கில் எழுத வைத்த சட்டத்தைப் பற்றியே பேசுகிறோம். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தையும் பட்டியல் சாதித் தகுதியையும் பிரிக்கப் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையும் மைய அரசை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. இடையில் 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆணையங்களுக்குக் காலநீட்டிப்பு கிடைக்கும். தேர்வெழுதுவோருக்கு வயது நீட்டிப்பு அவ்வளவு எளிதன்று.

பொய்யை எழுதியவர் பிறகு எப்படி வாழ்கிறார் என்பதையும் எண்ண வேண்டும். வேலை கிடைக்கும் வரை பிள்ளைக்குத் திருமுழுக்கு தள்ளிப்போகிறது. திருமணம் ஆலயத்திலா, பதிவு அலுவலகத்திலா என்று கணக்குப் பார்க்கப்படுகிறது. அலுவலக நண்பர் வரும் நாளில் சுவரிலிருந்து திருஇருதயப் படம் இறங்குகிறது. சான்றிதழ் பொய்யென்று தெரிந்தால் பல்லாண்டுப் பணிக்குப் பின்னும் வேலை போகும் என்ற அச்சம், பதவி உயர்வு வரும்போதெல்லாம் விழித்துக்கொள்கிறது. நான்காம் தொகுதித் தேர்வில் கிராம நிர்வாக அலுவலர் பணியும் அடங்கும். பிறருடைய சாதியையும் மதத்தையும் விசாரித்து அறிக்கை எழுதும் கை அது. தன் தாளைப் பற்றிக் கலங்கும் ஒருவர், தன்னைப் போன்ற இன்னோர் ஏழையின் மனுவைக் கையில் எடுக்கும்போது அவர் நெஞ்சம் என்ன பாடுபடும்! அந்த மனுவைக் கண்டும் காணாததுபோல் விடுவாரா, அல்லது தன்மேல் ஐயம் வராமலிருக்க மற்றவரைவிடக் கடுமையாக இருப்பாரா? இரண்டும் நடக்கக் கூடியவை.

மறுபுறம், கிறிஸ்தவன் என்று எழுதிவிட்டு, ஒன்றிரண்டு மதிப்பெண் குறைவால் ஆண்டுக்கு ஆண்டு பட்டியலுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்கள் உண்மைக்குக் கொடுத்த விலையை நம் பங்குகள் அறிந்திருக்கின்றனவா? பேருந்து நிலையத்தையும் ரயில் நிலையத்தையும் ஒட்டி நடக்கும் பயிற்சி மையங்களின் கட்டணத்தைக் கட்ட முடியாமல், பழைய வினாத்தாள்களை நகலெடுத்து வைத்துக்கொண்டு, இரைச்சல் நிறைந்த ஒற்றையறை வீட்டில் அவர்கள் படிக்கின்றனர். நம் ஆலய வளாகங்களில் ஞாயிறு மறைக்கல்விக்கு மட்டும் திறக்கும் வகுப்பறைகள், திங்கள் முதல் சனி வரை மாலை வேளைகளில் பூட்டியே கிடக்கின்றன. பணி ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர்களும் ஆசிரியர்களும் கணக்கதிகாரிகளும் ஒவ்வொரு அன்பியத்திலும் உண்டு. திருவிழாத் தேருக்கு மின்விளக்கு அலங்காரம் செய்யும் செலவில் ஒரு பகுதி போதும், பத்துப் பேருக்கு ஓராண்டுக்கு நூல்களும் மாலைச் சிற்றுண்டியும் தர முடியும். அடுத்த பங்குப்பேரவைக் கூட்டத்தில் வகுப்பறையின் சாவியை யார் பொறுப்பில் வைத்துக்கொள்வது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.