மாயா இயந்திரமும் மாரிஸ் பிக்கப்பும்

மாரிஸ் மைனர் என்னும் சிறு காரை அடிப்படையாகக் கொண்டு இங்கிலாந்தில் 1953 முதல் செய்யப்பட்ட கால் டன் பிக்கப் வண்டியின் முன்பகுதி, பழைய லோரிகளின் முன்பகுதியிலிருந்து ஒரு முக்கியக் கூறில் வேறுபட்டது. பழைய லோரிகளில் இரு முன்சக்கரங்களும் ஒரே இரும்பு அச்சின் இரு முனைகளில் பூட்டப்பட்டிருக்கும். அவ்வச்சின் மேல் தகடுகளை அடுக்கிக் கட்டிய வில் அமர்ந்து வண்டியின் சட்டகத்தைத் தாங்கும். பயணிகளை ஏற்றும் மாட்டுவண்டியில் இதே வகை வில் பொருத்தப்பட்டபோது தமிழர் அதனை வில்வண்டி என்றனர். கலைச்சொல்லாக்கக் குழு எதுவும் கூடாமலேயே பிறந்த நல்ல கலைச்சொற்களுள் அது ஒன்று. மாரிஸ் பிக்கப்பிலோ முன்புறத்தில் ஒற்றை அச்சும் இல்லை, தகட்டு வில்லும் இல்லை. ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்தனியே மேலும் கீழும் அசைய, அச்சக்கரத்தின் கீழ்க்கையோடு இணைந்து வண்டியின் நீளவாக்கில் பின்னோக்கி ஓடும் ஓர் எஃகுத் தண்டு, நடுப்பகுதியிலுள்ள குறுக்குச் சட்டத்தில் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும். சக்கரம் மேடேறும்போது தண்டு முறுக்கேறுகிறது, இறங்கும்போது முறுக்கவிழ்கிறது. வில்லின் வேலையை முறுக்கே செய்துவிடுகிறது. பட்டறைகளில் டோர்ஷன் பார் எனப்படும் இத்தண்டை இக்கட்டுரை முறுக்குத் தண்டு என்று அழைக்கும்.

இவ்வமைப்புக்குக் குறைகளும் உண்டு. அதிர்வை அடக்கும் அப்சோபர் இதில் நெம்புகோல் வகையைச் சேர்ந்தது. சக்கரத்தின் மேற்கையாக இருப்பதும் அதுவே என்பதால், அது தேய்ந்தால் அதிர்வு மட்டுமன்றிச் சக்கரத்தின் நிலையும் கெடும். சக்கரம் திரும்புவதற்கான நிமிர்ந்த கம்பி, மரைகள் வெட்டப்பட்ட டிரனியன் என்னும் மூட்டில் சுழல்கிறது. கிரீஸ் இடத் தவறினால் மரைகள் தேய்ந்து, ஒரு நாள் கம்பி கழன்று, முன்சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிவிடும். ஆகவே இன்றும் இத்தகைய வண்டியை ஓட்ட விரும்புவோர் நெம்புகோல் அப்சோபரை நீக்கிக் குழாய் வடிவ அப்சோபரையும், டிரம் பிரேக்குக்கு மாற்றாக டிஸ்க் பிரேக்கையும் பூட்டுகின்றனர். இன்னும் துணிந்தவர்கள் முறுக்குத் தண்டையே எடுத்துவிட்டு, அப்சோபரைச் சுற்றிச் சுருள்வில் அமைந்த புதிய தொகுதியைப் பொருத்துகின்றனர். மலேசியாவில் இதற்கு மற்றொரு வழியும் உண்டு. ஜப்பானில் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட கார்களைக் குறுக்கே வெட்டி இறக்குமதி செய்யும் ‘ஹாஃப்-கட்’ வணிகம் இங்கு நெடுங்காலமாக நடந்து வருகிறது. இயந்திரமும் முன்சக்கரத் தொகுதியும் பிரேக்கும் வேறொரு வண்டியின் பாதி உடலிலிருந்து கிடைத்துவிடும்.

மலாக்கா மாநிலத்தின் வட எல்லையில், நெகிரி செம்பிலானின் தம்பினோடு ஒட்டிக் கிடக்கும் புலாவ் செபாங் போன்ற ஒரு சிற்றூரின் பட்டறையில் இத்தகைய பிக்கப் ஒன்று நிற்பதாகக் கொள்ளலாம். அதன் முன்பகுதி முழுவதும் மாற்றப்பட்டுவிட்டது. வெளியே வருவது உள்ளே சென்ற அதே வண்டிதானா என்பதே இங்கு ஆராயத்தக்க கேள்வி. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.க்கு இது தத்துவச் சிக்கலே அன்று: சட்டகத்தில் பொறித்த எண் பதிவேட்டில் உள்ள எண்ணோடு பொருந்தினால் அது அதே வண்டி, செய்த மாற்றத்துக்கு ஒப்புதல் பெற்றாக வேண்டும், அவ்வளவே. மாரிஸ் மைனர் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, பிக்கப்புக்கு உண்டு என்பதால் இவ்விடை இங்கு இன்னும் எளிதாகிறது. ஆயினும் எண்ணை ஆன்மாவாகக் கொள்ளும் இக்கொள்கை, சட்டகம் துருவேறி அதனையே மாற்ற நேரும் நாளில் தடுமாறிவிடும்.

இந்திய மெய்யியல் மரபுகளில் இக்கேள்விக்கு மிகக் கறாரான விடை அளித்தது வைசேடிகம். உறுப்புகளை அவயவம் என்றும், அவ்வுறுப்புகளில் தோன்றும் முழுப்பொருளை அவயவி என்றும் அத்தரிசனம் பிரித்தது; அவயவி உறுப்புகளின் வெறும் கூட்டம் அன்று, அவற்றில் புதிதாகத் தோன்றும் தனிப்பொருள். ஆகவே ஓர் உறுப்பு நீங்கினாலும் பழைய முழுப்பொருள் அழிந்து வேறொரு முழுப்பொருள் பிறக்கும். ஓரம் கிழிந்த துணி முன்பிருந்த துணி அன்று. பச்சை மண்குடம் சூளையில் சிவக்கும்போதுகூடக் குடம் அணுக்களாகச் சிதைந்து மீண்டும் புதுக்குடமாகக் கூடுகிறது என்று வைசேடிகர் வாதிட, அவ்வளவு தூரம் செல்ல விரும்பாத நியாய நூலோர் குடம் குடமாகவே இருந்து சுடப்படுகிறது என்றனர். பௌத்தம் எதிர்த்திசையில் சென்றது. மிலிந்த மன்னனுக்கு நாகசேனர், தேர் என்பது அச்சும் சக்கரமும் நுகமும் கூடியவிடத்து வழங்கும் பெயரே என்று விளக்கியது பலரும் அறிந்தது. தமிழ் வாசகர் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. மணிமேகலையின் இறுதிக் காதை, பலவற்றின் கூட்டத்தை உடம்பு என்றும் நாடு என்றும் ஒரு பெயரால் வழங்குவதைத் தொகை என்றும், வித்தும் முளையும் தாளுமாகத் தொடரும் நிகழ்ச்சியை நெல் என்று ஒரு பெயரால் வழங்குவதைத் தொடர்ச்சி என்றும் வகைப்படுத்துகிறது. பிக்கப் இவ்விரு வகையாலும் ஒரு பெயர் பெறும்: இன்றைய உறுப்புகளை நோக்கத் தொகை, 1950களிலிருந்து இன்றுவரை நோக்கத் தொடர்ச்சி.

வைசேடிகம், பௌத்தம் என்னும் இவ்விரண்டில் பட்டறையின் அனுபவத்துக்கு நெருங்கி நிற்பது, முதலில் மிகையாகத் தோன்றும் வைசேடிகமே. முறுக்குத் தண்டு இருந்தவரை முன்சக்கரத்தின் சுமை முறுக்காக மாறி, வண்டியின் நடுவிலுள்ள குறுக்குச் சட்டத்துக்குச் சென்று சேர்ந்தது. சுருள்வில் வந்த பின் அதே சுமை முன்புறத்தில், வில்லின் மேல்முனை பூட்டப்பட்ட சிறு பரப்பில் குவிகிறது; அச்சுமையைத் தாங்கும்படி செய்யப்படாத இரும்பு அதைத் தாங்க வேண்டியதாகிறது. அவ்விடத்தை வலுப்படுத்தாமல் பூட்டினால் அது நாளடைவில் விரிசல் விடும். புதிய டிஸ்க் பிரேக்கின் பிடிக்கு ஏற்பப் பின்பிரேக்கின் பங்கையும் சரிசெய்தாக வேண்டும். சக்கரங்களின் சாய்வையும் முனைக்கோணத்தையும் புதிதாக அளந்து நிறுத்த வேண்டும். ஓர் உறுப்பை மாற்றியவன் ஓர் உறுப்பை மட்டும் மாற்றவில்லை; மாறாமல் கிடக்கும் உறுப்புகளின் கடமையையும் மாற்றிவிட்டான். புதிய அவயவி பிறந்துவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

அப்படியானால் பழைய பொருள் எங்கே போயிற்று? பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட கிரேக்கத்தின் தீசியஸ் கப்பலைப் பற்றிய பழைய புதிரில், 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய மெய்யியலாளர் தாமஸ் ஹாப்ஸ் ஒரு முடிச்சைச் சேர்த்தார்: கழற்றிய பழைய பலகைகளை எல்லாம் ஒருவன் சேர்த்து வைத்து மற்றொரு கப்பல் கட்டினால் எது உண்மையான கப்பல்? ஹாப்ஸுக்கு இது கற்பனை. புலாவ் செபாங்குக்கு வரலாறு. இங்கிருந்து மலாக்கா நகருக்குச் சென்ற கிளை ரயில்பாதையை ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் பெயர்த்தெடுத்து, தண்டவாளங்களைச் சயாம்–பர்மா மரண ரயில்பாதைக்குக் கொண்டு சென்றனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களும் பெருந்திரளாக அங்கே கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் எண்ணற்றோர் திரும்பவில்லை. இரும்பு போய்ச் சேர்ந்தது என்பதால் அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையை மலாக்கா ரயில் என்று எவரும் அழைத்ததில்லை. மலாக்காக் கிளையோ மீண்டும் போடப்படவே இல்லை. மாறாக, புலாவ் செபாங் நிலையம் சிரம்பான்–கிம்மாஸ் மின்மய இரட்டைப் பாதைக்காகப் புதிதாகக் கட்டப்பட்டு, பழைய கட்டடத்தின் கல் எதுவும் தேவைப்படாமலேயே அதே நிலையமாகத் தொடர்கிறது; அண்டை மாநிலத்து ஊரான தம்பினின் பெயரையும் தன் பெயர்ப்பலகையில் சுமந்து நிற்கிறது. பொருளின் ஒருமை அதன் இரும்பில் இல்லை என்பதற்கு இந்த ஒரே ஊரில் இரு பக்கச் சான்றும் கிடைக்கிறது.

இரும்பில் இல்லையெனில் வேறெதில் என்பதற்குச் சைவ சித்தாந்தத்தில் ஒரு வழி உண்டு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 சூத்திரங்களால் ஆனது. மூன்றாம் சூத்திரம் உடம்பை மாயையால் ஆன இயந்திரம் என்றே குறித்து, அதனுள் உயிர் வேறாக உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. அவற்றுள் ஒன்று மொழியைச் சார்ந்தது: மனிதன் ‘என் உடம்பு’ என்கிறான், உடைமையும் உடையவனும் ஒன்றாக இருக்க முடியாது. இவ்வாதத்தைப் பிக்கப்பின் மேல் வைத்துப் பார்த்தால் ஓர் இடைவெளி வெளிப்படுகிறது. வண்டி தன் முன்சக்கரத்தை ‘என் சக்கரம்’ என்று சொல்லாது. அச்சொல் வண்டிக்கு வெளியே, அதை ஓட்டுபவன் வாயில் இருக்கிறது. ஆகவே வண்டி தனக்கென ஒருமை உடையது அன்று. அதற்கு ஒருமையைக் கடனாகக் கொடுப்பவன் ஒருவன் உண்டு. தந்தை முப்பது ஆண்டுகள் ரப்பர்ப் பாலும் காய்கறியும் ஏற்றிய வண்டி என்று ஒரு மகன் சொல்லும்போது, அது உலோகத்தைப் பற்றிய கூற்று அன்று, அந்த உழைப்புக்குத் தான் வாரிசு என்னும் கூற்று. இது வெறும் பற்று, சித்தாந்தம் களையச் சொல்லும் மமகாரம், என்று மறுப்பவர் இருக்கலாம். ஆனால் ‘எனது’ என்பதில் உரிமை பேசுவது ஒருவகை, பொறுப்பை ஏற்பது மற்றொரு வகை. டிரனியனுக்குக் கிரீஸ் இடுவது இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தவை ஆகமங்கள். பழுதுற்ற கோயிலையும் திருமேனியையும் புதுப்பிப்பதற்குச் சீர்ணோத்தாரணம் என்று பெயர். புதுப்பிக்கும் முன் மூர்த்தியின் ஆற்றலைக் குடத்து நீரில் ஏற்றி, பாலாலயம் எனப்படும் தற்காலிகச் சந்நிதியில் நிறுத்தி, பணி முடிந்ததும் திரும்ப ஏற்றுவர். இதில் ஆற்றலை ஈர்க்கும் சடங்கு கலாகர்ஷணம் எனப்படும். அதே மூர்த்திதானா என்னும் ஐயத்துக்குக் கல்லைச் சோதித்து விடை காணவில்லை. முறையாகக் கைமாற்றப்பட்டதா என்று மட்டுமே கேட்டனர். வண்டிக்கு மிக அருகில் உள்ள எடுத்துக்காட்டு திருவாரூரில் இருக்கிறது. அப்பர் தேவாரத்திலேயே இடம்பெற்ற ஆழித்தேரின் பெயரைத் தாங்கிய பழைய தேர் 1926இல் தீக்கு இரையாகி, அதன்பின் புதிதாகச் செய்யப்பட்டது. பின்னாளில் திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்பு அச்சும் சக்கரமும் நீரியல் பிரேக்கும் செய்து பொருத்தியது. மரச்சக்கரம் போய் ஆலைச் சக்கரம் வந்ததால் ஆழித்தேர் ஆழித்தேர் அன்று என்று வடம் பிடிப்பவர் எவரும் கையை எடுத்துவிடவில்லை. தேரை நிறுத்த முட்டுக்கட்டை போடுபவரின் உயிருக்கு இருந்த இடரைப் பிரேக் குறைத்தது என்பதே அம்மாற்றத்துக்குப் போதிய சமய நியாயம். மலாக்காவின் பொற்கொல்லர் தெருவில் 1781 முதல் விளங்கும் பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் உட்பட, இந்நாட்டுக் கோயில்கள் குடமுழுக்கு கண்டு தொடர்வதும் இதே முறையில்தான்.

ஆயினும் வைசேடிகம் இறுதியாக ஒரு சொல்லை விட்டுச் செல்கிறது. அத்தரிசனம் பொருள்களின் குணங்களுள் சம்ஸ்காரம் என ஒன்றைக் கூறி, அதனை மூன்றாகப் பிரிக்கிறது: ஓடும் பொருளை ஓடச்செய்யும் வேகம், அனுபவம் மனத்தில் விட்டுச்செல்லும் நினைவுப் பதிவாகிய பாவனை, வளைத்த பொருளைப் பழைய நிலைக்கு மீட்கும் ஸ்திதிஸ்தாபகம். நினைவையும் வில்லின் மீள்விசையையும் ஒரே குணத்தின் இரு வகைகளாக எண்ணிய அந்நூலோர் முறுக்குத் தண்டைக் கண்டதில்லை. ஆனால் பழைய மாரிஸைப் பிரிப்பவர் கழற்றிய தண்டுகளின் மேல் இடது, வலது என்று குறியிட்டு வைக்கிறார். பல்லாண்டு ஒரே திசையில் சுமை தாங்கிய தண்டு அத்திசைக்கே பழகிவிட்டது என்பதால் அதனை மறுபக்கத்தில் பூட்டக் கூடாது. சிதைந்த திருமேனி கல்லாயின் நீரிலும், மரமாயின் தீயிலும் விட வேண்டும் என்று விதித்த ஆகமம், இத்தண்டுகளுக்கு விதி எதுவும் சொல்லவில்லை. அவை பழைய இரும்புக்காரனின் தராசுக்குப் போகும்வரை, இன்ன பக்கம் என்னும் சுண்ணக்கட்டிக் குறியோடு பட்டறைச் சுவரில் சாய்ந்து கிடக்கின்றன.