ஆறேழு பேர்

செம்பூர் செட்டா நகர் முருகன் கோயில் படியில் மாசி மாத மாலையொன்றில் கேமராவோடு நின்றேன். மத்திய ஆசியாவிலிருந்து வலசை வந்த சூறைக்குருவிகள், ஊரில் சோளப்பட்சி என்போமே அவைதான், அடையப் போகும் நேரம். ஆயிரக்கணக்கில் சுருண்டன, விரிந்தன, கிழிந்து மறுபடி ஒன்றாயின. ஷட்டரை 1/2000 வைத்தால் தனித்தனிக் குருவிகள். 1/30க்கு இறக்கினால் குருவியே இல்லை, ஓட்டம் மட்டும். இதில் எது மெய்? நடத்துபவன் யார்?

இவற்றின் ஐரோப்பிய உறவுப் பறவைகளை ரோம் நகரில் ஆராய்ந்தவர்கள் 2008இல் எழுதினார்கள்: ஒவ்வொன்றும் பக்கத்து ஆறேழு பறவைகளையே கவனிக்கிறது. தலைவன் கிடையாது.

இறைவனைக் கூட்டத்துக்கு மேலே தேடியது என் பிழை. அந்தக் கவனத்தில்தான் அவன் இருக்கிறான் என்று இப்போது நம்புகிறேன்.

தாராவிச் சந்தில் அம்மா, ஆறேழு வீட்டு அடுப்பு எரிந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.